ஒரு வாய்க் கஷாயம்

மனித உடம்பில் பிழையே செய்யாத உறுப்பு ஒன்று உண்டு. அது மஞ்சக்குதுரு ஐத்தப்ப பூஜாரியின் வலது கை. இருட்டானாலும் மழையானாலும், ஒரு மரத்தின் பட்டையைத் தடவிய மாத்திரத்தில் அதன் பெயர், வயது, குணம் மூன்றையும் அந்தக் கை சொல்லிவிடும். இந்த உண்மையைக் கண்டறிந்தவர் ஐத்தப்ப பூஜாரி. சரிபார்த்தவரும் அவரே. மூன்று வருடத்துக்கு முன்பு ஊர் இளைஞர் மண்டலம் ஆடி விழா மேடையில் அந்தக் கைக்குச் சரிகைக்கரைச் சால்வை போர்த்தியது. கைக்குப் போர்த்த வழியில்லாததால் தோளுக்குப் போர்த்தினார்கள்.

ஆடி அமாவாசை விடியலில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு பாலைப் பட்டைக் கஷாயம் குடிப்பது வழக்கம். அதற்கு முந்திய சாயங்காலம் இந்த வரலாற்றை அவர் மருமகன் ரக்ஷித்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ரக்ஷித் கேட்டுத்தான் தீர வேண்டும். கல்யாணமான முதல் ஆடிக்குத் தாய்வீடு வந்திருந்த மனைவி வித்யாவைப் பார்த்து, ஒருவேளை விருந்து சாப்பிட்டுவிட்டு, அன்றே பெங்களூருக்குப் பஸ் ஏறுவதாக வந்தவன். வந்த இரவே நேத்ராவதி பொங்கிவிட்டது. எங்கள் குதுரு ஆற்றின் நடுவே பதினாறு வீடுகளோடு கிடக்கிற ஒரு மேடு. படகுக்காரன் படகைத் தென்னையில் கட்டிவிட்டுப் படுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அக்கரையில் மங்களூர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ஏறி இறங்குகிற வெளிச்சம்கூடத் தெரியும். எங்களுக்குத்தான் கரண்ட் இல்லை.

என் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்துவிட்டதால் நானும் ஐத்தப்பண்ணன் வீட்டில்தான் இருந்தேன். என்னோடு எங்கள் கோழிகள் ஆறும் சேவல் ஒன்றும். கல்லூரிக்கு மழை விடுமுறை. ஆகவே சொற்பொழிவுக்கு ஆள் பற்றாக்குறை இல்லை.

"மாமா, ரெண்டு மரமும் ஒரே மாதிரி இருந்தா?" என்று ரக்ஷித் கேட்டான். மூன்று நாளில் அவன் கேட்ட முதல் கேள்வி.

"எந்த ரெண்டு?"

"நாளைக்கு விடியுமுன்ன பாலைப் பட்டை எடுப்பீங்கல்ல. பாலைன்னு நெனச்சு எட்டிப் பட்டைய உரிச்சுக் கஷாயம் குடிச்சு யாரோ செத்துப்போனதா வித்யா சொன்னா."

"அவனுங்க கையால தடவல மருமகனே, காலால தடவினானுங்க." ஐத்தப்பண்ணன் வலது கையை அரிக்கேன் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். "ஓட்டுக் கம்பெனியில முப்பது வருஷம். களிமண்ணைத் தொட்டே இது ஓடாகும், இது உடையும்னு சொல்லுவேன். இந்தக் கை பொய் சொல்லாது."

அடுக்களையிலிருந்து அவர் மனைவி லோலாட்சியக்காவின் குரல் வந்தது. "கை பொய் சொல்லாது மாராயரே. கைக்கு மேல ஒரு வாய் இருக்கே, அதுதான்."

லோலாட்சியக்கா அன்று பறித்ததைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தகரைக் கொழுந்து, சேம்பிலை, வல்லாரை, மூங்கில் குருத்து. ஆடியில் எங்கள் பக்கம் வேலை எதுவும் நடக்காது. நடப்பது மழையும் அக்காவின் கீரைக் கூடையும்தான். தினம் முதல் படகில் மங்களூர் மார்க்கெட்டுக்குப் போவார். ஃப்ளாட்டுக்காரப் பெண்கள் மற்ற கூடைகளைத் தாண்டி வந்து அவரிடம் வாங்குவார்கள். ரயில் பாதை ஓரத்தில் அவர் பறிக்கமாட்டார். அங்கே களைக்கொல்லி அடிக்கிறார்கள். பேக்டரிச் சாக்கடைப் பக்கமும் போகமாட்டார். ஒரு செடியில் மூன்று கொழுந்திருந்தால் இரண்டைக் கிள்ளி ஒன்றை விடுவார். வேரோடு பிடுங்குகிறவர்களைக் கண்டால், "அடுத்த வருஷம் உங்க தலைமுடியத்தான் வதக்கணும்" என்பார். சந்தேகமான இலையை அவராகவே தீர்மானிக்கமாட்டார். பகல் வெளிச்சத்தில் இன்னொருவர் கண்ணில் காட்டி, இரண்டு பேரும் அதுதான் என்றால்தான் கூடையில் விழும்.

"கீரைக்கு இவ கோர்ட்டுல வாய்தா வாங்குவா" என்பார் ஐத்தப்பண்ணன்.

அன்று மாலை மழை சற்றுத் தணிந்தபோது அக்கா வெளியே போய், இடுப்புவரை நனைந்து திரும்பியிருந்தார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"கெழக்கு முனையில இருக்கிற பாலைக்குச் சேலைக்கரை ஒண்ணு கட்டிட்டு வந்திருக்கேன். செவப்பு. இலைய எண்ணிப் பாத்துட்டேன், ஏழு. கிள்ளிப் பாத்தேன், பால் வந்துது. காலையில அந்தத் துணி கையில தட்டுப்பட்டாத்தான் பட்டையில கை வைக்கணும்."

ஐத்தப்பண்ணன் மருமகனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாமனார் மருமகன் முன்னால் சிரிக்கிற சிரிப்பு ஒன்று உண்டு, அதைச் சிரித்தார்.

"மரத்துக்குக் கருகமணி கட்டிட்டு வந்தியா? பொண்ணு ஓடிப்போயிரும்னு பயமா?"

"உங்க அப்பாரும் கட்டித்தான் எடுத்தாரு."

"அவருக்குக் கண்ணு தெரியாது."

"உங்களுக்கு இருட்டுல தெரியுமோ?"

"எனக்குக் கண்ணே வேண்டாங்கிறேன்."

"அப்பக் கண்ண வீட்ல வச்சிட்டுப் போங்க. துணியத் தொட்டுட்டு வாங்க" என்று அக்கா பேச்சை முடித்தார். ராத்திரிக்குக் கஞ்சி, உப்பில் போட்ட பலாச்சுளைப் பொரியல், தகரை வடை. நாலாவது தடவையாக அதே சாப்பாடு. ரக்ஷித் அது புதிதாக வந்ததுபோலச் சாப்பிட்டான். நல்ல பையன்.

பாலைப் பட்டை எடுக்கிறவர் விடியுமுன் போக வேண்டும். இரும்பு படக்கூடாது, கல்லால் இடித்துத்தான் உரிக்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் பேசக்கூடாது. விளக்கு கூடாது. உடம்பில் பொட்டுத் துணியும் கூடாது. இந்தக் கடைசி விதியின் காரணமாக, ஐத்தப்பண்ணன் கையில் ஒரு கருங்கல்லோடு கொட்டுகிற மழையில் படியிறங்கியபோது வீட்டில் இருந்த நான்கு பேரும் மிக ஆழமாகத் தூங்கினோம். ரக்ஷித் குறட்டைகூட விட்டான்.

அரை மணி நேரத்தில் திரும்பியிருக்க வேண்டியவர். ஒரு மணி ஆயிற்று. பின்வாசலில் துண்டு உதறுகிற சத்தம் கேட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்தோம்.

அரிக்கேனுக்கு அடியில் முழங்கை நீளத்துக்குப் பட்டைகள் கிடந்தன.

"இவ்வளவு எதுக்கு?" என்றார் அக்கா. "ஒரு உள்ளங்கை அகலம் போதும்னு எத்தனை தடவை சொல்றது? சுத்தி உரிச்சா மரம் செத்துரும்."

"நல்ல மரம். கொடுத்துது, வாங்கிட்டேன்."

"துணி இருந்துதா?"

"இருந்துது."

"எங்க?"

"அவுத்து ஆத்துல வீசிட்டேன். என் கைக்கு அது அவமானம்."

அக்கா "நல்ல கரை அது" என்று மட்டும் சொன்னார். பட்டையை அம்மியில் வைத்து இடித்தார். மிளகு, பூண்டு, ஓமம் சேர்த்து அரைத்தார். இடையில் விரலை முகர்ந்துபார்த்து, "பால் காணலையே?" என்றார்.

"பதினோரு நாள் மழை. மரமே தண்ணியா நிக்குது. பாலுக்கு எங்க போகும்?"

அது நியாயமாகத்தான் இருந்தது. அக்கா சாற்றைப் பிழிந்து வடிகட்டினார். அடுப்பில் பழுக்கக் காய்ந்த வெள்ளைக்கல்லை இடுக்கியால் எடுத்துப் பாத்திரத்தில் போட்டதும் சுர்ரென்று பொங்கி, வீடு முழுக்கக் கசப்பு எழுந்தது. மூக்காலேயே நாக்கு சுருண்டது. பாலையும் கசக்கும், எட்டியும் கசக்கும். கசப்பை வைத்து யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை.

அடுக்களையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பட்டை எடுத்தவர் கிழக்கு பார்த்து உட்கார்ந்து முதலில் குடிக்க வேண்டும், பிறகுதான் மற்றவர்கள். ஐத்தப்பண்ணன் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலுக்கு நேரே உட்கார்ந்தார். நாங்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி அவரைப் பார்த்து உட்கார்ந்தோம். அக்கா ஐந்து டம்ளரில் ஊற்றினார். மூன்று மாதக் கர்ப்பமாக இருந்த வித்யாவுக்கு மட்டும் இரண்டு மடக்கு.

"குடல்ல இருக்கிற ஒரு வருஷத்து அழுக்கும் போயிரும் மருமகனே" என்று சொல்லி, ஐத்தப்பண்ணன் டம்ளரை அண்ணாந்து ஒரு பெரிய வாய் ஊற்றிக்கொண்டார்.

அதே நேரத்தில் வெளியே விடிந்தது.

பிறகு நானும் அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னல் வழியாகத் தென்னைகள் தெரியும். தென்னைகளுக்கு அப்பால் சாதாரண நாளில் தாண்டிக் குதிக்கக்கூடிய ஒரு ஓடை. அன்று அது ஆறாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் அந்தப் பக்கம், தண்ணீருக்கு நடுவே பாலை மரம். அதன் இடுப்பில் சிவப்புச் சேலைக்கரை. நன்றாக, இறுக்கமாக, யாரும் அவிழ்க்காமல்.

ஐத்தப்பண்ணனின் கன்னங்கள் இரண்டும் புடைத்தபடி நின்றன. விழுங்கவில்லை.

"எப்படி இருக்கு மாமா?" என்றான் ரக்ஷித்.

"ரொம்பக் கசப்பா பப்பா?" என்றாள் வித்யா.

அவர் தலையை ஆட்டினார். ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். கண்கள் ஜன்னலிலிருந்து வித்யாவின் டம்ளருக்கு வந்தன, அங்கிருந்து ஜன்னலுக்குப் போயின. விழுங்கினால் உயிர் போகலாம். துப்பினால் மானம் போகும். ஐம்பத்தெட்டு வருடமாக ஓயாத ஒரு வாய், தன்னையே நிரப்பிக்கொண்டு, மூடிக்கொண்டு நின்றது. நெற்றியில் வியர்வை துளிர்த்தது. நானோ அதைக் கஷாயத்தின் வீரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமா குடிச்சாச்சு. நாம குடிக்கலாமா?" ரக்ஷித் டம்ளரை எடுத்தான். மூன்று நாளாக நல்ல பெயர் வாங்க அவனுக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம். வித்யா மூக்கைப் பிடித்துக்கொண்டு தன் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஐத்தப்பண்ணன் பாயிலிருந்து அப்படியே பாய்ந்தார். இடது கை மகளின் டம்ளரைத் தட்டியது. வலது கை மருமகன் டம்ளரைத் தட்டியது. வாயிலிருந்தது முழுவதும் என் சட்டையில் வந்து விழுந்தது.

"குடிக்காதீங்க! யாரும் குடிக்காதீங்க! அது அந்த மரம் இல்ல!"

டம்ளர் ஒன்று தரையில் நெடுநேரம் உருண்டது.

"அப்ப எந்த மரம்?" என்றார் லோலாட்சியக்கா.

"ஓடையில கழுத்துவரைக்கும் தண்ணி. தாண்ட முடியல. இந்தப் பக்கம், களிமண் குழி ஓரத்துல ஒண்ணு... தடவினேன்... பாலைன்னுதான்... விடிஞ்சு அந்தத் துணி தெரிஞ்சதும்தான் பயம் வந்துது..." வலது கையைப் பார்த்தார். அது எதுவும் சொல்லவில்லை.

"முழுங்கினீங்களா?"

"இல்ல. தெரியல. கொஞ்சம் எறங்கிருக்கும்."

அக்கா ஒரு செம்புத் தண்ணீரை அவர் கையில் திணித்தார். "கொப்பளிச்சுத் துப்புங்க. முழுங்காதீங்க. இன்னொரு தடவை. இன்னொண்ணு." பாத்திரத்தை மூடித் தூக்கி வைத்தார். "இதக் கொட்டாதே பிரஜ்வல். டாக்டருக்குக் காட்டணும். உன் சட்டையக் கழட்டு. ஒடம்பக் கழுவு. கோழி பக்கத்துல வந்துராமப் பாத்துக்க."

ரக்ஷித் அதற்குள் போனில் இருந்தான். அக்கரை ஆஸ்பத்திரி டாக்டர் பேசினார். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டோம். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். எதுவும் குடிக்கக் கொடுக்க வேண்டாம். இருட்டான அறையில் படுக்க வையுங்கள். சத்தம் கூடாது, தொடக்கூடாது. உடம்பில் விஷம் இருந்தால் சத்தத்துக்கே வெட்டு வரும். கழுத்து, தாடை விறைக்கிறதா என்று பாருங்கள். மீட்புப் படகுக்குச் சொல்லுகிறேன்.

"எவ்ளோ நேரத்துல வரும் சார்?"

"ஆறு எறங்கணும்ல. அவங்களும் மனுஷங்கதானே. பாத்துட்டே இருங்க."

பார்த்துக்கொண்டே இருந்தோம். நெல் மூட்டை வைக்கிற உள்ளறையில் ஐத்தப்பண்ணனைப் படுக்கவைத்து ஜன்னலைச் சாத்தினோம். வாசலில் அக்கா உட்கார்ந்தார். வித்யா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். கதவு கிறீச்சிடும் என்று யாரும் கதவைத் தொடவில்லை. ஓட்டின் மேல் மழையை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை. இடி வந்துவிடக்கூடாது என்று ஐந்து பேரும் ஐந்து தெய்வங்களை வேண்டிக்கொண்டோம். எங்கள் சேவலுக்கு அதுதான் கூவுகிற நேரம். நான் அதைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கி, அலகைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே மருத்துவ உதவி அது.

கதவிடுக்கில் பார்த்தால் ஆறு தெரியும். அதன் அக்கரையில் ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகை அந்தக் காலையிலும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. கல் எறிந்தால் விழாது, கூப்பிட்டால் கேட்காது, அவ்வளவு பக்கம். நடுவே பலாமரம் ஒன்று வேரோடு மிதந்து போனது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போனது. எதிர்பார்த்த படகு மட்டும் வரவில்லை.

இருபது நிமிடம் கழித்து உள்ளே காற்றுப்போல ஒரு குரல்.

"லோலு."

"பேசாதீங்க."

"கெண்டைக்கால் துடிக்குது."

அக்கா எழுந்துபோய், தொடாமல், குனிந்து பார்த்தார். நானும் கதவருகே நின்று பார்த்தேன். கெண்டைக்கால் சதை ஒன்று தனியாக ஆடிக்கொண்டிருந்தது, மீன் மாட்டின தூண்டில் மாதிரி. நின்றது. மறுபடி ஆடியது. ரக்ஷித் போனில் நேரத்தைப் பார்த்தான்.

"தாடை?"

"அசையுது."

"அது என்னைக்கு அசையாம இருந்துது" என்றார் அக்கா. அப்படிச் சொன்னபோது அவர் குரல் உடைந்துவிட்டது.

"துணிய நான் அவுக்கல லோலு."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"வாயில ஊத்திட்டுப் பேசாம இருந்தீங்களே, அப்ப."

"நீ ஏன் அப்பவே..."

"நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். வித்யா டம்ளர எடுத்தப்ப என் கையும் நீண்டுது. உங்க கை முந்திக்கிச்சு." அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். "அது ஒண்ணுதான் உங்க கை சரியாச் செஞ்சது."

ஒரு மணி நேரம் ஆயிற்று. கெண்டைக்கால் அடங்கியது. இரண்டு மணி நேரம் ஆனபோது டாக்டர் மறுபடி பேசினார். பயம் பெரும்பாலும் தாண்டிவிட்டது, ஆனாலும் படகு வந்ததும் கூட்டி வாருங்கள் என்றார். வித்யா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். நான் சேவலை விட்டேன். அது கூவவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பிறகு பல நாள் அப்படித்தான் இருந்தது.

அக்கா குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கிளை இருந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்த கணவனின் மடியில் அதைப் போட்டார். ரக்ஷித்தையும் என்னையும் கூப்பிட்டார்.

"பாருங்க. ரெண்டு ரெண்டா எதிரெதிரே இலை. அடியிலேர்ந்தே நரம்பு பிரியுது. பாலைன்னா ஒரே எடத்துல ஏழு, குடை விரிச்ச மாதிரி நிக்கும். இது என்ன?"

"எட்டி" என்றார் ஐத்தப்பண்ணன் மெதுவாக.

"ரெண்டாவது ஆளு சொல்லட்டும்."

ரக்ஷித் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எட்டிதான் அத்தை" என்றான். வாழ்நாளில் அன்றுதான் முதல்முறையாக எட்டியைப் பார்த்தவன், சாட்சி சொல்லிவிட்டான்.

அக்கா அதற்கு மேல் கணவனைத் திட்டவில்லை. திட்டியது வேறு விஷயத்துக்கு. "அந்த மரத்த இந்த அளவுக்கு உரிச்சிருக்கீங்களே, பாத்தீங்களா? வெள்ளையா எலும்பு தெரியுது. விஷ மரம்னா அதுக்கு வலிக்காதா? அது பாட்டுக்கு நின்னுக்கிட்டிருந்துது. நம்மள வந்து குடின்னு கூப்பிட்டுதா?"

அந்த வருடம் அந்த வீட்டில் யாரும் கஷாயம் குடிக்கவில்லை. கஷாயத்துக்கு மேல் குடிக்கிற, வெல்லம் போட்ட வெந்தயக் கஞ்சியை மட்டும் குடித்தோம். கசப்பில்லாமல் இனிப்புக் கஞ்சி குடிப்பது, அடி வாங்காமல் தடவிக்கொடுப்பது மாதிரி இருந்தது. ஐத்தப்பண்ணன் கஞ்சியை வாயில் வைத்து, சற்று நிறுத்தி, ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு வாயையும் விழுங்கினார்.

மறுநாள் பகலில் ஆறு இரண்டடி இறங்கியது. படகு மத்தியானத்துக்கு மேல் வரும் என்று செய்தி வந்தது. ரக்ஷித் பையைக் கட்டினான். மாமனாரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக அக்கா நல்ல வேட்டி எடுத்து வைத்தார். பார்த்தால் ஆளைக் காணோம்.

"சால்வையையும் காணலையே" என்றாள் வித்யா. "டாக்டர்கிட்ட மேடையேறப் போறாரா?"

நான் என் வீட்டில் தண்ணீர் வடிந்துவிட்டதா என்று பார்க்கப் போகிற வழியில் அவரைக் கண்டேன். களிமண் குழி ஓரத்தில், எட்டி மரத்தடியில், பட்டப்பகலில் குந்தியிருந்தார். பட்டை உரிந்த இடத்தில் குழியிலிருந்து அள்ளிய களிமண்ணை அப்பி, சூளைக்குப் போகிற ஓட்டை வழிப்பதுபோல வலது கையால் வழித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து நரம்பை எண்ணினார். என்னைக் கண்டதும் கொஞ்சம் திடுக்கிட்டார். இலையை என் பக்கம் நீட்டினார்.

"என்ன இது?"

"எட்டி, அண்ணா."

"ம்."

சால்வையைத் தோளிலிருந்து எடுத்தார். சரிகைக்கரையைப் பல்லால் கடித்துத் தலைப்பிலிருந்து தலைப்புவரை கிழித்தார். இருட்டிலும் ஒருவன் கையில் சரிகை உறுத்தி, இது பாலை இல்லை என்று சொல்கிற உயரத்தில் மரத்தைச் சுற்றிக் கட்டினார். இரண்டு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்தார். அடுக்களை ஜன்னலில் லோலாட்சியக்கா நிற்பது எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை.

கொஞ்சம் யோசித்து, மூன்றாவது முடிச்சையும் போட்டார்.